கினபாலு ஏறுகிறீர்களா? சப்பாத்துப் பெட்டியை முதலில் திறவுங்கள்

யாழ்ப்பாணத்தில் மலை என்றால் எங்களுக்குக் கீரிமலைதான். அதுவும் பெயரில் மட்டும்தான் மலை, போய்ப் பார்த்தால் கேணியும் கடலும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து இந்த முறை மலையேற்றம் பற்றி இவ்வளவு கேள்விகள் வரும் என்று நான் நினைக்கவில்லை. எல்லாம் மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள கினபாலு மலையைப் பற்றியவை. ஆகவே ஒன்றாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் நாங்கள் ஐந்து பேர், வழிகாட்டியுடன் கினபாலு ஏற ஒழுங்கு செய்கிறோம். மூன்று பகல், இரண்டு இரவு. முகவர் 31 பொருட்கள் கொண்ட பட்டியல் ஒன்றை அனுப்பியிருக்கிறார். எல்லாவற்றையும் வாங்கினால் இன்னொரு விமான ரிக்கற் காசு போய்விடும். சப்பாத்து மட்டும் என்னிடம் இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன் மாமா ரொறன்ரோவிலிருந்து அனுப்பியது, ஒருநாளும் போடவில்லை, பெட்டியோடு அலுமாரியில் இருக்கிறது. அது போதும்தானே? (கொக்குவில்)

பதில்: பட்டியல் இருக்கட்டும் தம்பி, முதலில் அந்தப் பெட்டியைத் திறவுங்கள்.

மலைச் சப்பாத்துகள் பலவற்றில் அடி றப்பருக்கும் மேல் தோலுக்கும் நடுவே மெத்தென்று ஓர் அடுக்கு இருக்கும். அது பொலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அதை உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும். எங்கள் ஊர் வெக்கையும் கடற்காற்றும் சேர்ந்தால் அது இன்னும் வேகமாக நடக்கும். போடாமல் பத்திரமாக வைத்திருந்தோம் என்பதால் அது தப்பாது. மேல் தோல் கடையில் வாங்கிய அன்று போல மினுங்கும், நடு அடுக்கோ நனைந்த ரஸ்க் மாதிரி ஆகியிருக்கும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். சில வருடங்களுக்கு முன் இப்படி வந்த ஒரு சோடியோடு சிவனொளிபாதமலைக்குப் போனேன். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. விடிந்து இறங்கும்போது வலது காலில் ‘டப், டப்’ என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் குதிக்கால் பக்கம் அடி கழன்று நாக்கு மாதிரித் தொங்குகிறது, படியெல்லாம் கறுப்புத் தூள். பத்துப் படி இறங்குவதற்குள் இடதும் அதே வழிக்குப் போனது. தேநீர்க் கடைக்காரர் ஒருவர் சாக்குக் கட்டும் சணல் கயிறு தந்தார். இரண்டு சப்பாத்தையும் பார்சல் மாதிரிச் சுற்றிக் கட்டிக்கொண்டு அடிவாரத்து ஊரான நல்லதண்ணிக்கு வந்து சேர்ந்தேன். அந்தப் பாதையில் அடிக்கொரு கடை இருந்ததால் தப்பினேன். கினபாலுவில் கயிறு தர ஆள் இருக்காது.

ஆகவே பெருவிரல் நகத்தால் அந்த நடு அடுக்கை அழுத்திப் பாருங்கள். வெடிப்பு, தூள், பிசுபிசுப்பு, இதில் எது இருந்தாலும் மாமாவுக்கு நன்றி சொல்லிவிட்டுச் சப்பாத்தை விட்டுவிடுங்கள். ஒட்டுவித்துப் போடலாம் என்று யோசிக்க வேண்டாம், பசை பிடிக்க அங்கே உறுதியாக ஒன்றும் மிஞ்சியிருக்காது. சோதனையில் தேறினால்கூட உடனே நம்ப வேண்டாம். இரண்டு மூன்று வாரம் தினமும் அதைப் போட்டு நடவுங்கள். உடைவதென்றால் கொக்குவிலிலேயே உடையட்டும்.

புதிதாக வாங்குவதென்றால் பின்னேரம் கடைக்குப் போங்கள். பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். போட்டுக்கொண்டு போகவிருக்கிற தடித்த காலுறையையும் கொண்டுபோங்கள். கயிறு கட்டாமல் காலை முன்னுக்குத் தள்ளினால் குதிக்காலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு கயிற்றை இறுக்கிக் கட்டி, கடைப் படியில் நாலு தரம் இறங்கிப் பாருங்கள். பெருவிரல் முன்னால் முட்டினால் அந்த அளவு சரிவராது.

இறங்குவதைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கினபாலுவின் கஷ்டம் இறக்கத்தில்தான் இருக்கிறது. உச்சி 4,095 மீற்றர். நடை தொடங்கும் திம்போஹோன் வாசல் ஏறத்தாழ 1,866 மீற்றர். முதல் நாள் சுமார் 6 கிலோமீற்றர் ஏறி, 3,270 மீற்றர் அளவில் உள்ள பனாலாபான் விடுதிகளில் படுப்பீர்கள். அடுத்த நாள் அதிகாலை இரண்டு இரண்டரைக்கு எழும்பி உச்சிக்குப் போய், காலைச் சாப்பாட்டுக்கு விடுதிக்கு வந்து, அன்றைக்கே வாசல்வரை இறங்கிவிட வேண்டும். ஒரே நாளில் 2,200 மீற்றருக்கு மேல் இறக்கம். சிவனொளிபாதமலையின் மொத்த உயரமே 2,243 மீற்றர்தான். அதன் உச்சியிலிருந்து கடற்கரைவரை ஒரே நடையாக இறங்குவதாக நினைத்துப் பாருங்கள். பெருவிரல் நகம் கறுத்துப்போய் வருபவர்கள் எத்தனை பேர்! புறப்பட இரண்டு நாளுக்கு முன் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், அதற்குச் செலவில்லை.

இனிப் பட்டியல். படுக்கைப் பை தேவையில்லை, விடுதியில் கட்டிலும் போர்வையும் உண்டு. கூடாரமும் அடுப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறதென்றால், முகவர் வேறு ஏதோ மலையின் பட்டியலைப் படியெடுத்து அனுப்பியிருக்கிறார். உச்சியில் விடியற்புறம் குளிர் உறையும் நிலைக்குக் கிட்ட இறங்கும், காற்றும் அடிக்கும். அதற்குக் குளிருக்குப் போடும் உள்ளாடைச் சோடி ஒன்று, ஒரு கம்பளிச் சுவெற்றர், காது மூடும் தொப்பி இருந்தால் போதும். இவற்றை வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள், சப்பாத்து மாதிரி இவை உளுத்துப்போவதில்லை. பருத்தி ரீசேட்டும் டெனிமும் வேண்டாம், நனைந்தால் காயாது. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதை விற்கும் கடைகளில் பொலியெஸ்ரர் விளையாட்டு ரீசேட் மலிவாகக் கிடைக்கும்.

கையுறைக்கு என் தேர்வு, இரும்புக் கடையில் விற்கும், உள்ளங்கையில் றப்பர் பூசிய வேலைக் கையுறை. மேல்பகுதி வழுக்குக் கருங்கல், அங்கே கயிறு பிடித்து ஏறும் இடங்கள் உண்டு. பஞ்சுபோன்ற குளிர்க் கையுறை கயிற்றில் வழுக்கும். குளிர் தாங்காதென்றால் அதை உள்ளே போட்டு, மேலே இதைப் போடுங்கள். தலையில் கட்டும் ரோச் ஆளுக்கொன்று கட்டாயம், ஐந்து பேருக்கு இரண்டு என்று கணக்குப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: ஐயா, வட்ஸ்அப்பில் பேசிய ஒரு முகவர் ‘எல்லாம் உள்ளடக்கம்’ என்று ஒரு தொகை சொல்லி, இந்தக் கிழமைக்குள் முழுக் காசையும் தன் சொந்த வங்கிக் கணக்கில் போடச் சொல்கிறார். மற்றவர்கள் கேட்ட விலையிலும் பார்க்க நல்ல குறைவு. போடலாமா? (சுன்னாகம்)

பதில்: இன்னும் போடவில்லைத்தானே? நல்லது.

கினபாலுவில் எல்லாமே பனாலாபான் கட்டிலைப் பொறுத்தது. அங்கே கட்டில்கள் எண்ணிக்கையாகத்தான் உண்டு, கட்டில் இல்லாவிட்டால் ஏற அனுமதியும் இல்லை. எனவே ‘எல்லாம் உள்ளடக்கம்’ என்பதை விட்டுவிட்டு ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எங்கள் பெயருக்குக் கட்டில் பதிவாகிவிட்டதா, எந்தத் தேதிக்கு, பதிவு இலக்கம் என்ன? கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர்களோடு அந்த உறுதிச்சீட்டைக் கேளுங்கள். ‘காசு வந்தவுடன் போடுகிறேன்’ என்று சொன்னால் முற்பணம் மட்டும் கொடுத்து, மீதியைச் சீட்டு வந்த பிறகு கொடுங்கள்.

விலை குறைவுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, மலேசியர்களுக்கான விலையைச் சொல்லியிருப்பார். அங்கே உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு வேறு கட்டணம். அதைத் தீர்மானிப்பது குடியுரிமை. எங்கள் பாட்டன்மார் மலாயா ரயில்வேயில் வேலை செய்து பென்சன் எடுத்த கதை அங்கே செல்லாது, கோலாலம்பூரில் இருக்கும் பெரியப்பா பதிவு செய்தாலும் உங்களுக்கு வெளிநாட்டு விலைதான். மற்றது, தனித்தனியாக அறவிடும் செலவுகளை விட்டிருப்பார். ஏறும் அனுமதி, வழிகாட்டிக் கூலி, மலை இருக்கும் கினபாலு பூங்காவின் நுழைவு, அங்கேயே எடுக்க வேண்டிய காப்புறுதி, பூங்கா அலுவலகத்திலிருந்து திம்போஹோன் வாசலுக்கு வாகனம், கிலோக் கணக்கில் சுமைகூலி. இத்தனையையும் எழுதி, எதெது உள்ளே எதெது வெளியே என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வழிகாட்டி இல்லாமல் ஏற விடமாட்டார்கள், ஒரு வழிகாட்டிக்கு ஐந்து பேர்வரை சேரலாம். எத்தனை பேர் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்தக் கூலி பிரியும்.

மழை கடுமையாகப் பெய்தால் உச்சிக்குப் போகும் பாதையை மூடுவார்கள். அப்படி நடந்தால் காசு திரும்புமா என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள், அங்கே போய் வழிகாட்டியோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

இங்கே எடுக்கும் பயணக் காப்புறுதியில் ஒரு சின்ன எழுத்து இருக்கும், அதைத் தேடுங்கள். பல ஒப்பந்தங்கள் மலைநடையை 3,000 அல்லது 4,000 மீற்றர்வரைதான் ஏற்கின்றன. நீங்கள் போவது 4,095. அந்தத் 95 மீற்றரில் கால் முறிந்தால் வைத்தியச் செலவு உங்களுடையது. ‘4,095 மீற்றர் உச்சிவரை செல்லுபடியாகும்’ என்று மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பற்றுச்சீட்டுக் கேட்டால் தரவேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஏமாற்றம் நடந்தால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தனியாளின் கணக்கில் சீட்டில்லாமல் காசு போட்டுவிட்டுப் போனால் அவர்களுக்கும் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

கேள்வி: மோட்டார் சைக்கிளில் போடும் தடித்த மழைக்கோட்டு இருக்கிறது. அது காணாதா? (நல்லூர்)

பதில்: மழைக்குக் காணும். ஆனால் அரை மணித்தியாலம் ஏறினால் உள்ளே வியர்வையில் குளித்திருப்பீர்கள், நின்றவுடன் அந்த ஈரம் குளிரும். அக்குளில் காற்றுப் போக வழியுள்ள மெல்லிய மேலங்கி நல்லது. உட்பக்கம் திருப்பிப் பாருங்கள், தையல் எல்லாவற்றின் மீதும் நாடா ஒட்டியிருக்க வேண்டும். பழையதென்றால் உள்பூச்சு உரிந்து கையில் ஒட்டும், அதை வாங்க வேண்டாம். ‘வாட்டர்புரூப்’ என்ற அட்டையை நான் நம்புவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, உள்ளே சாம்பல் நிற ரீசேட் ஒன்றைப் போட்டு, அதன் மேல் இதைப் போட்டுக்கொண்டு கிணற்றடியில் பைப் தண்ணீருக்குக் கீழ் பத்து நிமிடம் நின்றால் தெரிந்துவிடும், சாம்பல் துணியில் ஒரு பொட்டு ஈரமும் கறுப்பாகத் தெரியும். அட்டையைக் கிழிக்காமல் செய்யுங்கள், மாற்ற வேண்டி வரலாம். பையின் உள்ளே குப்பை போடும் பெரிய பொலித்தீன் பை ஒன்றைப் போட்டு, அதற்குள் உடுப்புகளை வையுங்கள். விலைகூடிய பை உறைகளைவிட அது உதவும்.

கேள்வி: மலை உயரத்துக்கு முன்கூட்டியே போடும் மாத்திரையைப் பாமசியில் வாங்கலாம் என்கிறார்கள். அம்மாவும் வரப்போகிறா, வயது 58, பிரஷருக்கு மருந்து எடுக்கிறா. ஊரில் மலை இல்லாமல் எப்படிப் பழகுவது? (உரும்பிராய்)

பதில்: அவர்கள் சொல்வது அசெற்றசோலமைட்டாக இருக்க வேண்டும். கண் அழுத்தத்துக்கும் கொடுக்கும் மாத்திரைதான். விரல் நுனி விறுவிறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். சல்பா ஒவ்வாமை உள்ளவர்களும், அம்மாவைப் போல வேறு மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. 2,500 மீற்றருக்கு மேல் யாருக்கும் தலையிடி, ஓங்காளம் வரலாம். நாங்கள் கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரத்தில் இருப்பவர்கள். முடிந்தால் முதல் இரவைப் பூங்கா அலுவலகத்துக்குப் பக்கத்தில், 1,500 மீற்றரளவில் கழியுங்கள். பனாலாபானில் தலையிடி கூடிக்கொண்டே போனால் உச்சியை விட்டுவிட்டு இறங்க வேண்டும், மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போவதல்ல.

பழக்கத்துக்கு நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் படி போதும். அம்மாவை ஏற வைப்பதைவிட இறங்க வையுங்கள், முழங்கால் அங்கேதான் பேசும். ஐந்து கிலோ அரிசியைப் பையில் போட்டு வாரம் மூன்று நாள். கடைசியில் ஒருமுறை கண்டி பஸ் எடுத்து, அங்கிருந்து ஹற்றன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போய் வாருங்கள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைதான் பருவம், 5,500 படிகளளவில். அம்மா அதை ஏறி இறங்கி, அடுத்த நாள் மாடிப்படி இறங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கினபாலுவுக்கு முற்பணம் கட்டுங்கள். அந்தக் காசுதான் திரும்பி வராத காசு.

கேள்வி: ஊன்றுகோல் வீண்செலவா? (மானிப்பாய்)

பதில்: இல்லை. இறக்கத்தில் முழங்காலுக்கு நல்ல தாங்கல். மடக்கும் சோடி ஒன்று போதும், முழு விலைச் சாமான் தேவையில்லை. கயிறு பிடிக்கும் இடத்தில் மடக்கிப் பையில் வைக்க முடிய வேண்டும், அதனால் பூட்டும் இடத்தைக் கடையிலேயே முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்திப் பாருங்கள். அப்புறம், கோலை விமானத்தில் பொதிக்குள் போட்டு அனுப்புங்கள், கையோடு ஏற விடமாட்டார்கள். பவர் பாங்க்கோ நேரெதிர், பொதிக்குள் போடக்கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். இரண்டையும் மாற்றி வைத்தால் கட்டுநாயக்கவில் பையைப் பிரிக்க வேண்டி வரும்.