மருத்துவத்துக்குப் பணம் தரும் முறையை வைத்து ஏழ்மை, சாப்பாடு, போக்குவரத்து மாதிரியான பிரச்சினைகளையும் கவனிக்க முடியுமா?

முடியும். எந்தெந்தச் செலவை மருத்துவச் செலவாகக் கணக்கில் சேர்க்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நான் மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறேன். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் டாக்டரும் மருந்தும் சேர்த்தே கிடைக்கும். பெரிய வசதிதான். ஆனால் எங்கள் தோட்டத்து அத்தை ஒருவருக்கு இனிப்பு நீரால் (சர்க்கரை நோயால்) காலில் புண் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து கட்டுப் போடச் சொன்னார்கள். செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பஸ் கிடையாது. போனில் கிராப் வாடகைக் கார் போட்டால் மண்சாலையைப் பார்த்ததும் கேன்சல் செய்துவிடுகிறார்கள். மகன் லீவு எடுத்தால் அன்றைய சம்பளம் போச்சு. தெரிந்தவர் காரில் போய்வர 30 வெள்ளி. முடிந்தபோது போனார், முடியாதபோது விட்டுவிட்டார். கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவருடைய கார்டில் 'வரவில்லை' என்றுதான் இருக்கிறது. ஏன் வரவில்லை என்று எழுத அதில் இடமே இல்லை. அந்த ஆபரேஷனுக்கும் வார்டுக்கும் அரசாங்கம் செலவழித்த பணத்தில் எத்தனை முறை வண்டி அனுப்பியிருக்கலாம்!

இதற்கான வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. குறைந்த வருமானக்காரர்களுக்காக 2019-இல் வந்த பெக்கா பி40 என்ற அரசாங்க சுகாதாரத் திட்டம் புற்றுநோயாளிகளுக்குப் போக்குவரத்துக்கென்று தீபகற்ப மலேசியாவில் 500 வெள்ளி வரை தருகிறது, சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 வெள்ளி வரை ஊக்கத்தொகையும் உண்டு. புற்றுநோய்க்குச் சரி என்றால் கால்புண்ணுக்கு ஏன் கூடாது?

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டுப் பணத்திலேயே 2022 முதல் காய்கறிப் பெட்டி, வண்டி, வீட்டு ரிப்பேர் என்று கொடுத்தார்கள். சேர்ந்தவர்களின் மருத்துவச் செலவு ஆளுக்கு மாதம் சுமார் 85 டாலர் குறைந்ததாக மதிப்பீட்டில் வந்தது. அப்படியும் சட்டமன்றம் நிதி ஒதுக்காததால் 2025 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

என்னைக் கேட்டால், கிளினிக்குக்குப் பணம் தரும்போது அதன் பொறுப்பில் இருக்கும் ஆட்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தரலாம். தோட்டப்புறம், பஸ் இல்லாத இடம் என்றால் கூடுதலாக. அந்தக் காலத்துத் தோட்டத்து டிரெசருக்கு (மருத்துவ உதவியாளருக்கு) எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று தெரியும், அவரே லயத்துக்கு வருவார். தலைக்கு இவ்வளவு என்று பணம் வந்தால், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அதே பணம்தான்; நோய் முற்றாமல் பார்த்துக்கொண்டால் செலவு குறையும். அதனால் கட்டுப் போட ஒரு நர்ஸை லயத்துக்கே அனுப்புவதுதான் கிளினிக்குக்கும் லாபம்.

அப்புறம் ஒன்று: உங்கள் வீட்டில் 40 வயது தாண்டிய யாராவது புற்றுநோய் சிகிச்சையில் இருந்து, குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசாங்க ரஹ்மா உதவித்தொகையும் வாங்கினால், பெக்கா பி40 விண்ணப்பப் பாரத்தை ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள். தோட்டத்தில் பலருக்கு இது தெரியவே தெரியாது.