புதிதாகத் தொடங்கும் தம்பதிக்குக் குறைந்த செலவில், உறுத்தாத கைக்கட்டுப் பொருட்கள் எவை?

அடையாளம் மறைத்து எழுதுகிறேன்; காரணம் சொல்லத் தேவையில்லை.

திருமணமாகி நான்கு ஆண்டுகள், படுக்கையறையில் ஒருவர் கையை மற்றவர் கட்டி விளையாடிப் பார்க்க இருவருக்குமே விருப்பம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ‘இது இயல்பானதுதானா’ என்று கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு வரியும் இருக்கிறது. அதை முதலில் முடித்துவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதையும் உள்ளடக்கிய ஒரு பிரிவே இருந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில் அதை எடுத்துவிட்டார்கள். இருவரும் மனமொப்பிச் செய்வது நோய் அல்ல. இனி கடைக்குப் போவோம்.

முதலில் கத்தரிக்கோல் வாங்குங்கள். சிரிக்காதீர்கள். சர்ஜிக்கல்ஸ் கடைகளில் பேண்டேஜ் வெட்டுவதற்கென்று ஒரு கத்தரிக்கோல் கிடைக்கும். அதன் கீழ் அலகின் நுனி மழுங்கி, சற்றுத் தட்டையாக இருக்கும். தோலுக்கும் துணிக்கும் நடுவே நுழைத்தாலும் குத்தாது. ‘எதற்கு’ என்று யாரும் கேட்கமாட்டார்கள். நான் பதில் தயார்செய்துகொண்டு போனேன். கடைக்காரர் சில்லறை இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டார்.

இந்தப் புத்தி எங்களுக்குப் பிந்தித்தான் வந்தது. எங்கள் முதல் முயற்சிக்கு ஒரு பைசா செலவில்லை. பீரோவில் பட்டுத் துப்பட்டா இருந்தது. பட்டு மிருதுவானது, உறுத்தாது என்று நானேதான் எடுத்துக் கொடுத்தேன். கணவர் போட்டதும் சாதாரண முடிச்சுதான். விளையாட்டாக இரண்டு முறை கையை இழுத்தேன். முடிச்சு புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. அவசரத்தில் பாவாடை நாடா சிக்கிக்கொண்டு தவித்த எந்தப் பெண்ணுக்கும் இது முன்பே தோன்றியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை. அவர் நகத்தால் நெண்டினார், பல்லால் இழுத்தார், மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு கைபேசி வெளிச்சத்தில் ஆராய்ந்தார். கடைசியில் சமையலறையிலிருந்து காய் நறுக்கும் கத்தி வந்தது. என் மணிக்கட்டுக்கும் பட்டுக்கும் நடுவே அது நுழைந்த அரை நிமிடம் இருவருமே மூச்சு விடவில்லை.

துப்பட்டா போனது போகட்டும். வலது பெருவிரலின் பின்புறம் இரண்டரை வாரம் மரத்துக் கிடந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, “இறுக்கமாக வளையல் போட்டீர்களா?” என்றார். “ஆமாம் டாக்டர்” என்றேன். மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக ஒரு நரம்பு தோலுக்கு வெகு அருகில் ஓடுகிறது. கடிகாரப் பட்டையை இறுக்கிக் கட்டினாலும் அது நசுங்கும், கைவிலங்கு மாட்டினாலும் நசுங்கும். 1932இல் வார்ட்டன்பர்க் என்ற நரம்பியல் மருத்துவர் இதை விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஆனால் அந்த இரண்டரை வாரம் தோசைக்கல் அருகே கை போகும்போதெல்லாம் பயம்தான்.

அதிலிருந்து எதை வாங்கினாலும் நாங்கள் பார்ப்பது ஒன்றுதான்: எத்தனை நொடியில் கழற்ற முடியும்? உங்கள் கேள்விக்கு நான் வைத்திருக்கும் உரைகல்லும் அதுதான்.

அப்படிப் பார்த்தால் முதல் இடம் வெல்க்ரோ வைத்த துணிப்பட்டைக்கு. ஒரே இழுப்பில் வந்துவிடும். அகலம் இரண்டு அங்குலத்துக்குக் குறையக்கூடாது; பட்டை குறுகினால் அழுத்தம் முழுவதும் ஒரே கோட்டில் விழும். உள்பக்கம் பஞ்சோ, நியோப்ரீன் என்ற மெத்தென்ற ரப்பரோ வைத்துத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விளிம்பை உங்கள் கழுத்தோரத் தோலில் தேய்த்துப் பாருங்கள். மணிக்கட்டைவிட அங்கேதான் உறுத்தல் சீக்கிரம் தெரியும். மலிவான ரெக்சின் பட்டைகளில் உள்ளே மெத்தென்று இருக்கும், விளிம்போ காகிதம்போல அறுக்கும். வியர்வை பட்டால் உரியவும் செய்யும். வளையம் தைத்திருக்கும் இடத்தைப் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். தையல் பிரிவதாக இருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.

கட்டிலில் மாட்டும் வார் வேண்டுமா என்பது உங்கள் கட்டிலைப் பொறுத்தது. எங்களுடையது அடியில் பெட்டி வைத்த கட்டில். வார் வந்து சேர்ந்த பிறகுதான் கட்டிலுக்குக் காலே இல்லை என்பது உறைத்தது. இப்போது அந்த வார் பயணப் பெட்டிக்கு உதவுகிறது. இரண்டு பட்டைகளையும் ஒன்றோடொன்று கோத்து, கையை முன்பக்கம் வைத்துக்கொண்டாலே தொடக்கத்துக்குப் போதும். தலைக்கு மேல் தூக்கிக் கட்டினால் வெகு சீக்கிரம் மரத்துவிடும்.

உலோகக் கைவிலங்கு படத்தில் அழகாக இருக்கும். நிஜமான விலங்கில், மாட்டிய பிறகு மேலும் இறுகாமல் தடுக்க ஒரு பூட்டு உண்டு. விளையாட்டு விலங்குகள் பலவற்றில் அது இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும். புரண்டு படுத்தால் ஒரு பல் இறுகும், இன்னொரு முறை புரண்டால் இன்னொரு பல். ரோமம் சுற்றிய விலங்கு அதைவிட மோசம். தோல் சிவப்பதைக்கூட ரோமம் மறைத்துவிடும். சாவி எங்கே விழுந்தது என்று கட்டிலுக்கு அடியில் தேடும் கதையைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

கயிறுதான் வேண்டும் என்றால் பருத்திக் கயிறு, 6 முதல் 8 மில்லிமீட்டர் பருமன். தலையணை உறைக்குள் போட்டு ஒரு முறை துவைத்தால் இன்னும் மிருதுவாகும். துணி காயப்போடும் நைலான் கயிறு வழுக்கும், வேகமாக உருவினால் தோலைச் சுட்டுவிடும். தேங்காய் நார்க் கயிற்றின் பக்கமே போகாதீர்கள். ஒற்றைச் சுற்றாக இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் மூன்று நான்கு சுற்றுகளாகச் சுற்றுங்கள், அழுத்தம் பரவும். இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். இழுத்தால் இறுகும் சுருக்கு மட்டும் கூடவே கூடாது. ஜப்பானியர் சணல் கயிற்றில் செய்யும் வேலைப்பாடுகளைப் பார்த்துவிட்டு ஆளைத் தொங்கவிடும் ஆசை வந்தால், நேரில் கற்றுக்கொடுப்பவரிடம் போங்கள். அது வேறு உலகம்.

தன்மேல் மட்டும் ஒட்டும் பிவிசி டேப் ஒன்று இருக்கிறது. தோலிலும் முடியிலும் ஒட்டாது, கத்தரித்தால் உடனே விடும். மலிவும்கூட. அட்டைப்பெட்டி ஒட்டும் டேப்பையும், வயர் கட்டும் பிளாஸ்டிக் டையையும் அதற்கு மாற்றாக நினைத்துவிடாதீர்கள்.

கொடுத்த காசுக்கு மேல் பலன் தருவது தூங்கும்போது போடும் கண்பட்டை. நான் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினேன். கண் மறைந்தால் கை கட்டுவதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. உண்மையைச் சொன்னால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் மாதம் அதை மட்டுமே வைத்துக்கொள்வேன்.

பத்துப் பொருள் சேர்ந்த பெட்டி தள்ளுபடியில் வருகிறது என்று மயங்காதீர்கள். அதில் கழுத்துப்பட்டையும் வாயடைப்பும் கட்டாயம் இருக்கும். கழுத்தைச் சுற்றி எதுவும் வேண்டாம், எப்போதுமே. வாய் ‘நிறுத்து’ என்று சொல்வதற்கு வேண்டும். ‘வேண்டாம்’ என்பது விளையாட்டிலேயே வரும் சொல் என்பதால் நிறுத்துவதற்குத் தனிச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது ‘மின்கட்டணம்’. அதைக் கேட்ட பிறகு யாருக்கும் எந்த மனநிலையும் மிஞ்சாது.

முதல் சில முறை பத்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். நடுநடுவே விரல்களைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்தாலோ நிறம் மாறினாலோ கழற்றுங்கள். உள்ளங்கையை வெளியே காட்டி, போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்துவதுபோலக் கையை நிமிர்த்தச் சொல்லுங்கள். நிமிர்த்த முடியவில்லை என்றால் நரம்பு அழுந்துகிறது. உடனே அவிழ்க்க வேண்டும், பிறகும் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். கட்டப்பட்டிருப்பவரை விட்டுவிட்டுக் கதவு திறக்கப் போகக்கூடாது, மணி அடித்தால் அடிக்கட்டும். குடித்திருந்தால் அன்றைக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

பட்டைகளை மிதமான சோப்பு நீரில் கையால் அலசினால் போதும். வெல்க்ரோவை ஒட்டிவிட்டு அலசுங்கள். திறந்து போட்டால் கூட இருக்கும் துணியையெல்லாம் பிறாண்டிவிடும். நிழலில் உலர்த்துங்கள், ஆனால் பால்கனிக் கொடியில் வேண்டாம். எங்களுடையது குளியலறைக் கதவின் பின்புறக் கொக்கியில் காய்கிறது. மாமியார் வரும் வாரங்களில் அந்த உரிமையும் கிடையாது.