மெல்பர்னில் வெள்ளைவால் சிலந்தி கடித்தால் சதை அழுகிவிடுமா?

காலில் ஒரு புண்ணை வைத்துக்கொண்டு, இரவெல்லாம் இணையத்தில் பயங்கரமான படங்களைப் பார்த்தபின் கேட்ட கேள்வியாகவே இது எனக்குத் தோன்றுகிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் அதே நிலையில் இருந்தேன்.

கணுக்காலுக்கு மேலே சிவந்து வீங்கியிருந்ததைப் பார்த்த அலுவலக நண்பர்கள், வெள்ளைவால் சிலந்திதான் கடித்திருக்கும் என்று ஒரே குரலில் கூறினார்கள். அருகிலிருந்த கிளினிக்கின் மருத்துவரும், சிலந்தியைக் கண்ணால் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், சிலந்திக்கடி என்று எழுதி ஒவ்வாமை மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். ஊரிலிருந்த அம்மாவிடம் தொலைபேசியில் "காலில் சிலந்தி" என்றேன். எங்கள் ஊர்ப் பக்கம் கட்டிக்கும் சிலந்தி என்றே பெயர் என்பதால், "சீழ் வைத்திருக்கும், கீறி எடுக்கச் சொல்" என்றார். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்து வேறொரு மருத்துவரிடம் போனபோது அவரும் அதைத்தான் செய்தார். சீழைப் பரிசோதித்ததில் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா இருந்தது.

ஆஸ்திரேலியாவில் வெள்ளைவால் சிலந்தி கடித்தது உறுதியான 130 பேரைக் கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருக்குக்கூடச் சதை அழுகவில்லை என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். வலி, சிவப்பு, சில நாள் அரிப்பு, பெரும்பாலும் அவ்வளவுதான்.

சிலந்திகள் எல்லாம் சாது என்று நான் சொல்வதாக எண்ணி யாரும் சண்டைக்கு வர வேண்டாம். செம்முதுகுச் சிலந்தி கடித்தால் வலி மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும், வியர்த்துக் கொட்டும். அதற்குக் கட்டுப் போடாமல் பனிக்கட்டி ஒத்தடம் கொடுக்க வேண்டும். சிட்னியின் புனல்வலைச் சிலந்தி உண்மையிலேயே உயிர்கொல்லி. அது கடித்த கையையோ காலையோ பட்டித்துணியால் முழுவதும் இறுகச் சுற்றி, அசைக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். 1981இல் விஷமுறிவு மருந்து வந்தபின் அதனால் யாரும் இறந்ததாகப் பதிவு இல்லை. ஆனால் இவ்விரண்டும் உடலை வருத்தும் விதம் வேறு, நாள்கணக்கில் பழுக்கும் புண் வேறு.

ஆகவே, கடித்த சிலந்தியை நீங்கள் பார்க்கவில்லை என்றால், சீழைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கிளினிக்கின் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே இன்றும் "வெள்ளைவால் கடி" என்றே இருக்கிறது. திருத்தும்படி இருமுறை எழுதியும் பதில் வரவில்லை.