யார் சாண்?

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறையைக் குழு வேலையாகக் கொடுக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, திண்டிவனம்

பதில்: வேடிக்கை பார்ப்பவர்களைத் திட்டாதீர்கள் டீச்சர். ஒரே ஆள் முடிக்கக்கூடிய வேலையை ஒரே ஆள்தான் முடிப்பார்.

நான் பழைய செய்தித்தாளில் பாலம் கட்டச் சொல்வேன். தாளைக் குடைக்கம்பி மேல் மூலைவாட்டில் இறுக்கிச் சுருட்டி, ஓரத்தை ஒட்டிவிட்டுக் கம்பியை உருவினால் குழாய். துவண்டு கிடந்த தாள் விறைப்பாக நிற்கும். குழாய்களை முக்கோணமாகக் கட்டினால் சட்டம் கோணாது. ஆறு பேரை மும்மூன்றாகப் பிரித்து, நடுவே ஒரு தட்டியை வையுங்கள். பக்கத்துக்குப் பாதிப் பாலம். பேசக் கூடாது, துண்டுச்சீட்டு மட்டும். ஒவ்வொரு சீட்டையும் வேறு வேறு பிள்ளை எழுத வேண்டும்.

முதல் முறை என் வகுப்பில் இரண்டு பாதியும் சேரவே இல்லை. ‘அகலம் 2 சாண்’ என்று ஒருவன் எழுதியிருந்தான். யார் சாண் என்று அந்தப் பக்கம் கேட்கவில்லை! சிரித்து ஓய்ந்ததும், 1999-இல் நாசா பறிகொடுத்த ‘மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர்’ கதையைச் சொன்னேன். உந்துதல் கணக்கை ஒரு தரப்பு பவுண்டு என்ற விசை அலகில் கொடுக்க, மறு தரப்பு அதை நியூட்டன் என்ற வேறு அலகு என்று எடுத்துக்கொண்டது. செவ்வாய்க்குப் போன கலம் தொலைந்தது.

அடுத்த வாரச் சீட்டுகளில் சென்டிமீட்டர் இருந்தது, கூடவே ஒரு படமும். அதை வரைந்தது, அதுவரை வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண்.