800 கலோரி உணவு: திங்கட்கிழமையே தொடங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. விசுவமடுவில் இருக்கிறேன். உயரம் 156 சென்ரிமீற்றர், நிறை 86 கிலோ. நாலு வருடமாக நீரிழிவு. காலையும் இரவும் மெட்ஃபோமின், காலையில் கிளிக்ளசைட், பிறசருக்கு லோசார்ட்டன் எடுக்கிறேன். லண்டனில் இருக்கும் மச்சாள் மூன்று மாதம் சூப்பும் ஷேக்கும் மட்டும் குடித்து 14 கிலோ குறைத்துவிட்டா. சீனிக்குப் போட்ட குளிசைகளையும் நிறுத்திவிட்டார்களாம். எனக்கும் ஆறு டின் அனுப்பியிருக்கிறா. நாளுக்கு 800 கலோரிதான். பக்கத்து வீட்டு ரீச்சர், குறைந்த நிறை இரண்டு மடங்காகத் திரும்பி வரும் என்கிறா. இவரோ இருதயம் நின்றுவிடும் என்று பயப்படுகிறார். டின் முடிந்தால் கஞ்சியிலேயே தொடரலாம் என்று யோசிக்கிறேன். வாற திங்கட்கிழமை தொடங்கலாமா?

பதில்: திங்கட்கிழமை வேண்டாம், தங்கச்சி. ஒருபோதும் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கிளிக்ளசைட் குளிசையை என்ன செய்வதென்று கிளினிக் டொக்டர் சொல்லும்வரை அந்த டின்னைத் திறக்காதீர்கள். கணவர் இருதயத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார், ரீச்சர் நிறை திரும்பி வருவதைப் பற்றிக் கவலைப்படுகிறா. எனக்கு முதலில் கண்ணில் பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட அந்தக் குளிசைதான்.

கிளிக்ளசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. வழக்கமாகச் சோறும் பிட்டும் சாப்பிடுகிற உடம்புக்குக் கணக்குப் பார்த்துத் தந்த அளவு அது. சாப்பாட்டைத் திடீரென்று 800 கலோரிக்கு இறக்கிவிட்டு அதே குளிசையைப் போட்டால் முதல் இரண்டு, மூன்று நாட்களுக்குள்ளேயே இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்குக் கீழே போகலாம். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சுக் குழறும். பகலில் என்றால் யாராவது கவனிப்பார்கள். இரவு நித்திரையில் நடந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாமல் போகலாம். மெட்ஃபோமின் தனியாக இப்படிச் செய்வது அரிது. இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கோ ஆபத்து இதைவிடக் கூட. எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவுக் குளிசைகளை எடுப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. சாப்பாடு நன்றாகக் குறைந்தால், இரத்தத்தில் சீனி பெரிதாகக் கூடாமலே அமிலம் சேர்ந்து ஆளைப் படுக்கையில் போட்டுவிடும்.

சரி, இனிச் சண்டைக்கு வருவோம். உங்கள் வீட்டில் நடப்பது மருத்துவர்களுக்குள் ஐம்பது வருடமாக நடக்கிற அதே சண்டைதான்.

கணவரின் பயம் வெறும் பயம் அல்ல. 1970களின் நடுவில் அமெரிக்காவில் ‘திரவப் புரத’ உணவு என்று ஒன்று பெரிய மோகமாக இருந்தது. மாட்டுத் தோல் போன்றவற்றிலிருந்து எடுத்த கொலாஜனைத் திரவமாக்கிப் போத்தலில் விற்றார்கள். நாளுக்கு 300, 400 கலோரி அளவில் அதை மட்டும் மாதக்கணக்கில் குடித்தார்கள். 1977, 1978 காலத்தில் ஏறத்தாழ 60 மரணங்கள் பதிவாகின. பலர் இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறி இறந்தார்கள். கொலாஜன் முழுமையான புரதம் அல்ல. பொட்டாசியம், மக்னீசியம் போன்ற தாதுக்களும் போதாது. உடம்பு தன் தசையையே கரைத்துப் பிழைக்கப் பார்த்தது, இருதயமும் தசைதானே. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் இத்தகைய உணவில் எவ்வளவு தரமான புரதமும் தாதுவும் விற்றமினும் இருக்க வேண்டும் என்று விதிகள் இறுகின. மச்சாள் குடித்தது அந்த விதிகளுக்குப் பிறகு வந்தது. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது நியாயமில்லை.

மச்சாளின் பக்கத்திலும் நல்ல ஆதாரம் இருக்கிறது. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ரோய் டெய்லர் என்ற பேராசிரியர் 2011இல் நீரிழிவு உள்ள 11 பேருக்கு நாளுக்கு 600 கலோரி மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார். ஒரு வாரத்திலேயே காலை வெறும் வயிற்றுச் சீனி வழமைக்கு வந்தது. ஈரலில் தேங்கியிருந்த கொழுப்பு முதலில் இறங்கியது, கணையத்தில் இருந்தது பிறகு மெல்லக் குறைந்தது. 11 பேரை வைத்து ஊருக்குப் புத்தி சொல்ல முடியாது என்பதால் அவரும் கிளாஸ்கோவின் மைக் லீனும் சேர்ந்து டைரெக்ட் என்ற பெரிய ஆய்வைச் செய்தார்கள். 2017இல் முடிவு வந்தது. மூன்று முதல் ஐந்து மாதம்வரை 825 முதல் 853 கலோரி ஷேக்கும் சூப்பும் குடித்த குழுவில், ஒரு வருட முடிவில் 46 சதவீதமானோருக்கு மருந்தில்லாமலே நீரிழிவு தணிந்திருந்தது. வழமையான சிகிச்சை பெற்றவர்களில் அது 4 சதவீதம். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களை மட்டும் எடுத்தால் 86 சதவீதம். நான் படித்த காலத்தில் நீரிழிவு வந்தால் போகாது என்றுதான் சொல்லித் தந்தார்கள். அந்தப் பேச்சை இந்த ஆய்வு மாற்றிவிட்டது.

அந்த ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு நீரிழிவு வந்து ஆறு வருடத்துக்குள்தான் இருந்தது, ஒருவரும் இன்சுலின் போடவில்லை. உங்களுக்கு நாலு வருடம் என்பதால் அந்த வகைக்குள் வருகிறீர்கள். அவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் என்பது உண்மை. கிளாஸ்கோவில் தெற்காசியர்களை மட்டும் சேர்த்துச் செய்த ஒரு சிறிய ஆய்விலும் பலன் நல்லதாகவே இருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டைரெக்ட் ஆய்வில் நீரிழிவுக் குளிசைகளையும் பிறசர் குளிசைகளையும் முதல் நாளே நிறுத்தினார்கள். நிறுத்தியது நோயாளிகள் அல்ல, வைத்தியக் குழு. பயிற்சி பெற்ற தாதியோ உணவு ஆலோசகரோ அடிக்கடி பார்த்தார். ஷேக் முடிந்த பிறகு சோறு, பாண் எல்லாவற்றையும் வாரக்கணக்கில் படிப்படியாகத் திரும்பச் சேர்த்தார்கள். அதற்கப்புறம் இரண்டு வருடம்வரை மாதந்தோறும் கூப்பிட்டார்கள். மச்சாளுக்கும் ஏறக்குறைய இப்படி ஒரு ஏற்பாடு பின்னால் இருந்திருக்கும். உங்களுக்கு வந்து சேர்ந்தது டின் மட்டும்.

இங்கிலாந்தே இதில் இரண்டு குரலில் பேசியது. 2014 வழிகாட்டல், 800 கலோரியோ அதற்குக் குறைவோ உள்ள உணவை எல்லோருக்கும் வழமையாகக் கொடுக்காதே, மருத்துவத் தேவை இருந்தால் மட்டும், கூடியது 12 வாரம் என்றது. 2020இல் அதே நாட்டின் அரச சுகாதார சேவை, நீரிழிவுக்காரருக்கு 800, 900 கலோரி சூப்பும் ஷேக்கும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. இதில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை. யாருக்கு, யாருடைய கண்பார்வையில் என்பதற்குத்தான் இரண்டுமே பதில் சொல்கின்றன.

ரீச்சர் சொன்னது பாதி சரி. நிறை திரும்பி வரும், அதை மறைக்கக் கூடாது. டைரெக்ட் ஆய்விலேயே நீரிழிவு தணிந்திருந்த 46 சதவீதம் இரண்டாம் வருடம் 36 ஆனது. ஐந்து வருடம்வரை தொடர்ந்து பார்க்கப்பட்டவர்களில் 13 சதவீதம்தான் இன்னும் மருந்தில்லாமல் இருந்தார்கள். ஆனால் ‘வேகமாகக் குறைந்தால் வேகமாக ஏறும், மெதுவாகக் குறைத்தால் நிற்கும்’ என்று நாங்களும் பல காலம் சொல்லி வந்தோமே, அது அப்படியே நிற்கவில்லை. மெல்பேணில் 200 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவை 12 வாரத்தில் வேகமாகவும் மற்றதை 36 வாரத்தில் மெதுவாகவும் குறைக்க வைத்தார்கள். இலக்கைத் தொட்டவர்கள் வேகக் குழுவில் 81 சதவீதம், மெதுவான குழுவில் 50. மூன்று வருடத்துக்குக் கிட்டப் போன பிறகு பார்த்தால், குறைத்ததில் ஏறக்குறைய 71 சதவீதம் இரு பகுதியினருக்குமே திரும்பி வந்திருந்தது. ஆகவே வேகத்தைப் பற்றி அடிபடுவதைவிட, பதின்மூன்றாவது வாரம் உங்கள் கோப்பையில் என்ன இருக்கப் போகிறது என்று கேட்பதுதான் பிரயோசனம்.

கஞ்சி யோசனையை விட்டுவிடுங்கள். இதில் எனக்கு இரண்டு மனம் கிடையாது. 800 கலோரிக்கு ஏறத்தாழ 230 கிராம் அரிசி வரும். அதில் புரதம் 16 கிராம் அளவில்தான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது நாளுக்கு 60, 70 கிராம். முருங்கையிலை போட்டாலும் கணக்குப் பெரிதாக மாறாது. கொழுப்புக் கரையும் என்று நம்பிக்கொண்டு தசையைக் கரைப்பீர்கள், அரிசி மாப்பொருள் என்பதால் சீனியும் ஏறி இறங்கும். நல்ல கஞ்சி நல்ல சாப்பாடுதான், இந்த வேலைக்கு அது ஆகாது. டின்னிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நாளுக்கு நாலு வேளை, 12 வாரம் என்றால் 336 வேளை வேண்டும். ஆறு டின்னில் எத்தனை வேளைக்கு இருக்கிறதென்று லேபிளைப் பாருங்கள். அது முழு உணவுக்குப் பதிலாகத் தயாரித்ததா, அல்லது உடற்பயிற்சி செய்பவர்கள் குடிக்கிற வெறும் புரதப் பவுடரா என்பதையும் பாருங்கள். பின்னது என்றால் அதை மட்டும் குடித்து இருக்கவே முடியாது.

முதல் வாரம் இரண்டு, மூன்று கிலோ குறைந்ததும் எல்லோரும் துள்ளுவார்கள். அதில் பெரும்பங்கு தண்ணீரும் உப்பும். அந்த நேரத்தில் லோசார்ட்டனும் உள்ளே இருந்தால் எழும்பும்போது தலை சுற்றும். நம்முடைய வெயிலில் வயலுக்கோ தோட்டத்துக்கோ போய் வியர்த்தால் பிறசர் இன்னும் விழும், சிறுநீரகத்துக்கும் கூடாது. வவுனியாப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோயை நாங்கள் பார்க்கிறோம். அதனால் வன்னியில் யாரும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறதென்று காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை செய்யாமல் இப்படி ஒரு உணவுக்கு இறங்குவதை நான் விரும்பமாட்டேன். பித்தப்பைக் கல் இன்னொன்று. நாற்பது தாண்டிய, நிறை கூடிய பெண்களுக்கு அது ஏற்கெனவே வரக்கூடியது. வேகமாக மெலியும்போது வாய்ப்பு இன்னும் கூடும். சாப்பாட்டில் கொழுப்பே இல்லாவிட்டால் பித்தப்பை சுருங்காமல் பித்தம் தேங்கும், அதனால் கொஞ்சம் கொழுப்பு இருக்கவே வேண்டும். வலது விலாவுக்குக் கீழே விட்டு விட்டு வலி வந்தால் வாய்வு என்று இஞ்சி குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். மலச்சிக்கல் வரும், மூன்றாம் மாதம் தலைமயிர் கொட்டும். மயிர் திரும்ப முளைக்கும். இன்னும் ஒன்று: நிறை குறையும்போது மாதவிலக்கு ஒழுங்காகிக் கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடும். கர்ப்பத்தில் இந்த உணவும் கூடாது, லோசார்ட்டனும் கூடாது. குடும்பக்கட்டுப்பாடு பற்றியும் முதலே பேசிவிடுங்கள்.

நீங்கள் எழுதாத ஒரு விஷயத்தையும் கேட்கிறேன். யுத்தம் முடிந்த 2009இல் உங்களுக்கு 20 வயதுக்கு மேல். எங்கள் பகுதியில் அந்த வயதுக்காரர் அநேகருக்குப் பசி என்றால் என்னவென்று யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. கட்டாயத்துக்குப் பசி கிடந்தவர்கள் பிற்காலத்தில் தாமாகவே பட்டினி இருக்கும்போது, சிலருக்கு நித்திரை குழம்பும், பழைய நினைவுகள் கிளம்பும், சிலர் இரவில் எழும்பி அள்ளிச் சாப்பிடுவார்கள். அது மனவுறுதி இல்லாததால் வருவது அல்ல. உங்களுக்கு அப்படி ஏதும் இருந்தால் இந்த வழி உங்களுக்குரியது அல்ல, அதை டொக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் மீன்குழம்போடு இருக்கும்போது மூன்று மாதம் நீங்கள் மட்டும் தனியாக ஷேக் குடிப்பதும் லேசான காரியம் அல்ல.

இனிச் செய்ய வேண்டியது. அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியையும் ஒரு டின்னையும் கொண்டு போங்கள். சனம் நிறைந்த நாளில் டொக்டருக்கு உங்களோடு இருக்க ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம், அதனால் கேட்க வேண்டியதைத் துண்டில் எழுதி வையுங்கள்: கிளிக்ளசைட்டை எப்போது நிறுத்துவது, லோசார்ட்டனை என்ன செய்வது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க முடியுமா. கிரியற்றினின், பொட்டாசியம், மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ1சி எல்லாம் பார்த்து, அவர் சம்மதித்து, வீட்டில் குளுக்கோமீற்றரும் இருந்தால், நீங்கள் தொடங்குவதை நான் எதிர்க்கமாட்டேன். 12 வாரத்துக்கு மேல் போகாதீர்கள். தண்ணீர் நாளுக்கு இரண்டு லீற்றருக்குக் குறைய வேண்டாம்.

அவர் வேண்டாம் என்றால் அல்லது அவ்வளவு அடிக்கடி பார்க்க வசதி இல்லை என்றால், 1200, 1300 கலோரியில் மெதுவாகப் போவோம். இதற்கும் குளிசை அளவைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நீங்கள் நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி என்றால் அதிலேயே 160 முதல் 200 கலோரி போகிறது, பால்மா வேறு. காலையில் பாணுக்குப் பதிலாக அவித்த பயறோ கடலையோ ஒரு முட்டையோடு. மத்தியானம் ஒரு சிறிய கோப்பை சிவப்பரிசிச் சோறு, இரண்டு துண்டு குளத்து மீன், பால் விடாத கறி, மிச்ச இடமெல்லாம் கீரையும் மரக்கறியும். இரவு குரக்கன் ரொட்டி ஒன்று, சம்பலைக் குறைத்து. 15 கிலோ குறைந்தால் நல்லதுதான், ஆனால் நாலைந்து கிலோவிலேயே பிறசரும் சீனியும் இறங்கத் தொடங்குவதை நான் கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறேன்.

எந்த வழியில் போனாலும், கை நடுங்கி வியர்த்தால் மூன்று, நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். அந்த நேரம் டயற் பார்க்க வேண்டாம். கால் மணித்தியாலத்தில் சீனியைத் திரும்பப் பாருங்கள், இறங்கியே இருந்தால் இன்னொரு முறை குடியுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தி 1990க்கு அழைக்க வேண்டும். இதைக் கணவருக்கும் சொல்லி வையுங்கள். எச்.பி.ஏ1சியை மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தால் போதும். அதற்கு முன்னர் காசு கொடுத்துச் செய்ய வேண்டாம், அது முழு மாற்றத்தைக் காட்டாது.