'மா' என்ற சொல் பல மொழிகளில் இருக்கிறதே, எல்லாவற்றுக்கும் வேர் தமிழ்தானா?

சுருக்கமான பதில்: இல்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஆம் என்று தைரியமாகச் சொல்லலாம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் இருப்பது கொழும்பு, வெள்ளவத்தையில். இங்கே கடையில் போய் மா என்று கேட்டால் கோதுமை மாவா அரிசி மாவா என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அதே வாயால் மாமரம், மாவிலை என்கிறோம், மாநகர சபை என்கிறோம், பக்கத்து வீட்டுப் பிள்ளையை "சொல்லும்மா" என்கிறோம். பழைய கணக்கில் மா என்றால் இருபதில் ஒரு பங்கு. அரிமா, கைம்மா என்று விலங்குக்கும் அதுவே பெயர். நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் இதுவும் ஒன்று. ஆக, தமிழுக்குள்ளேயே இது ஒரே சொல் இல்லை, ஒலியால் ஒன்றாகிப்போன பல சொற்கள். பெரிய என்ற பொருளில் வரும் மா வடமொழி மஹாவின் சுருக்கமா நம்முடைய சொந்தச் சொல்லா என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது.

இனி வெளியே பார்ப்போம். இந்த ஊரில் அதற்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. சிங்களத்தில் "மாவ தன்னவத?" என்றால் "என்னைத் தெரியுமா?" என்று அர்த்தம், அங்கே மா என்பது 'நான்'. நம் முஸ்லிம் சனங்கள் நாளுக்குப் பத்துத் தரம் சொல்லும் மாஷா அல்லாஹ்வில் இருக்கும் அரபு மா 'எது' என்பது, 'அல்லாஹ் நாடியது' என்று பொருள். அதே அரபியில் மா 'இல்லை' என்றும் வரும், தண்ணீருக்கும் கிட்டத்தட்ட அதே ஒலிதான். சமஸ்கிருதத்தில் மா என்றால் 'வேண்டாம், செய்யாதே'. இத்தாலிய மொழியில் 'ஆனால்', பிரெஞ்சில் 'என்னுடைய', போர்த்துக்கீசில் 'கெட்டவள்'. இந்த மூன்றும் லத்தீனிலிருந்து வந்தவை, ஆனாலும் மூன்றுக்கும் மூன்று வேறு லத்தீன் சொற்கள். ஹங்கேரியனில் 'இன்று'.

சீனம்தான் ஆட்களைக் குழப்புகிறது. குரலை ஏற்றி இறக்குவதைப் பொறுத்து அங்கே மா என்பது அம்மா, சணல், குதிரை, திட்டுதல் என்று மாறும். தமிழிலும் மா என்றால் குதிரை உண்டே, அம்மாவும் உண்டே, அப்புறம் "நீ ஹாவ் மா?" (நலமா?) என்று அவர்கள் கேட்பதும் "வருமா?" என்று நாம் கேட்பதும் ஒன்றுதானே என்று இணையத்தில் அடிக்கடி எழுதுகிறார்கள். எனக்கும் முதலில் வாசித்தபோது புல்லரித்தது, அதனால்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன்.

வருமா என்பதைப் பிரித்தால் வரும் + ஆ. கேள்வி இருப்பது ஆவில், மகரம் வினைச்சொல்லுடையது. "வந்தானா", "அவளா" என்று சொல்லிப் பாருங்கள், மா காணாமல் போய்விடும், கேள்வி அப்படியே நிற்கும். சீன மா வேறு வழியில் வந்தது, முன்பு வாக்கியத்தின் கடைசியில் வைத்த 'இல்லை' என்ற சொல் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆனது. "வருகிறாயா இல்லையா" என்பதில் கடைசிச் சொல் மட்டும் கரைந்துபோனது போல. குதிரையும் அப்படித்தான். நம்முடைய மா பொதுவாக விலங்கு, அதில் குதிரையும் அடங்கும், யானையும் அடங்கும். சீனத்துக் குதிரைச் சொல்லோ பழங்காலத்தில் ம்ரா என்பது போல, நடுவில் ஒரு ரகரத்தோடு ஒலித்திருக்கும் என்று மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒன்றாகக் கேட்பது அந்த ரகரம் உதிர்ந்த பிறகு வந்த ஒற்றுமை. அம்மா விஷயத்தில் யாரும் யாரிடமும் கடன் வாங்கத் தேவையே இல்லை. உதட்டை மூடித் திறந்தால் மகரம், வாயைத் திறந்தால் ஆகாரம், எந்த ஊர்க் குழந்தைக்கும் முதலில் வருவது அதுதான்.

சரி, அந்த ஒன்று? மாங்காய்தான். மலையாளத்தில் மாங்ங, தமிழில் மாங்காய், இதை இந்தியாவின் மேற்குக் கரையில் கேட்ட போர்த்துக்கேயர் மங்கா என்று எழுதிக்கொண்டார்கள், அதிலிருந்து ஆங்கிலத்து மாங்கோவும் ஐரோப்பிய மொழிகள் பலவற்றின் பெயர்களும் வந்தன. மலாய் மொழியின் மங்காவும் தமிழ் வழியாகப் போனதுதான். இங்கே ஆள் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, பழம் இருக்கிறது, சொல் போன வழியை விரல் வைத்துக் காட்டலாம். குதிரைக்கோ கேள்விக்கோ அப்படி ஒரு வழியை யாரும் காட்டியதில்லை.

இவ்வளவு தூரம் போன சொல் பக்கத்து வீட்டுக்குள் நுழையவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். சிங்களத்தில் மாங்காய் 'அம்ப', அது வடமொழி ஆம்ரத்தின் வழி வந்தது. காலிமுகத்திடலில் மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டி விற்கும் ஒரே பழத்தை நான் மாங்காய் என்று கேட்கிறேன், எனக்குப் பக்கத்தில் நிற்பவர் அம்ப என்று கேட்கிறார், கடைக்காரர் இரண்டு பேருக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து எடுத்துத் தருகிறார்.