கையில் இருப்பது தீப்பாறைதானா? படிகத்தின் அளவைப் பாருங்கள்

தீப்பாறை எப்படி உருவாகிறது, ஒரு கல்லைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உருகிய பாறைக்குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை, அவ்வளவுதான். எங்கே ஆறியது, எவ்வளவு வேகமாக ஆறியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பூமிக்குள் ஆழத்திலேயே தங்கிவிட்ட குழம்பு மிக மெதுவாக ஆறும். படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிடும். கிரானைட் இப்படி வந்ததுதான். உடைந்த இளஞ்சிவப்பு கிரானைட் துண்டு ஒன்று கிடைத்தால் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தட்டையாகப் பளிச்சிடுவது ஃபெல்ஸ்பார், சிவப்பு நிறமும் அதனுடையதே. நடுநடுவே சாம்பல் நிறத்தில், தட்டையான முகமே இல்லாமல் கண்ணாடிச் சில்லு மாதிரி இருப்பது குவார்ட்ஸ். அதைக் கத்தியால் கீறினால் கீறல் விழாது; கத்தியின் இரும்புதான் கோடாக ஒட்டும். கறுப்புச் செதில்கள் மைக்கா, ஊசியால் ஏடு ஏடாகப் பெயர்க்கலாம்.

கடைகளில் 'பிளாக் கிரானைட்' என்று விற்கிற கறுப்புப் பலகை பெரும்பாலும் டோலரைட் அல்லது காப்ரோ. அதுவும் தீப்பாறைதான், ஆனால் கிரானைட் இல்லை. (இதைச் சொல்லி விலை குறைக்க முடியாது!)

வெளியே வழிந்த லாவா சீக்கிரம் ஆறிவிடுவதால் படிகங்கள் கண்ணுக்குத் தெரியாது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் அடுக்கடுக்காக வழிந்த பசால்ட் அப்படிப்பட்டது. கறுப்பாக, கனமாக இருக்கும். மும்பையிலிருந்து புனே போகும் வழியில் மலையே படிபடியாகத் தெரிவது அந்த அடுக்குகளால்தான். சில கற்களில் வாயு குமிழிட்ட ஓட்டைகள் இருக்கும். பிற்பாடு அவற்றுக்குள் நீர் ஊறி வெள்ளை சியோலைட் படிகங்கள் வளர்ந்திருக்கும். மும்பையின் அந்தேரியில் உள்ள கில்பர்ட் குன்று, லாவா ஆறிச் சுருங்கும்போது நெட்டுக்கு வெடித்து உண்டான தூண்களின் தொகுப்பு. இன்னும் வேகமாக ஆறினால் படிகமே வளராது, அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடிதான் மிஞ்சும்.

சரி, எங்கே ஏமாறுவோம்? படிகங்கள் வரிவரியாக ஒரே திசையில் படுத்திருந்தால் அது பெரும்பாலும் நைஸ் என்ற உருமாறிய பாறை, அதாவது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருகாமலே மாறிப்போன பழைய பாறை. தமிழ்நாட்டில் நாம் கருங்கல் என்று சொல்வதில் நிறைய இந்த வகைதான். அப்புறம் பல்லாவரம் பக்கத்துச் சார்னோகைட். முதலில் அதைத் தீப்பாறை என்றார்கள், இப்போது உருமாறிய பாறைகளோடு சேர்ப்பவர்களே அதிகம். லென்ஸை வைத்து இதைத் தீர்க்க முடியாது. அதனால் கல்லை உடைத்து, புது முகத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். எந்த ஊரில் எடுத்தது என்பதையும் எழுதுங்கள்.